சத்தம் சாட்சியாகுமா?

புது ஃபிளாட்டின் சாவியை வாங்கும் முன், தரையைத் தட்டிப் பார்க்க ஓர் ஆளைக் கூலிக்கு அழைக்கும் வழக்கம் பெங்களூருக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் சாலையிலும் எலஹங்காவிலும் இதை ‘ஸ்நாக்கிங்’ என்கிறார்கள். கையில் ரசமட்டம், நுனியில் குண்டு வைத்த ஒரு நீளக் கம்பி, சட்டைப்பையில் மார்க்கர். டைல் டைலாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக உட்கார்ந்த டைலின் சத்தம் இறுக்கமாக இருக்கும். அடியில் காற்று இருந்தால் அது ‘ஹாலோ’வாக மாறும். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது ஜாலிக்குப் போகிறதா கதவுக்குப் போகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். மாலையில் ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

நான் அந்த வேலையில் இருந்தவன். இப்போது அதே மாதிரித் தரைகளைப் பற்றி ஆர்பிட்ரேட்டர் என்கிற நடுவர் முன்பும் நீதிமன்றத்திலும் நிபுணர் சாட்சியாக உட்கார்கிறேன். தெரிந்தவர்கள் இதைப் பெரிய உயர்வு என்கிறார்கள். கூலியைக் கணக்கிட்டால் உயர்வுதான். வேலையைக் கணக்கிட்டால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

சோதிக்கிறவனின் பேச்சு மேஸ்திரியோடு முடிந்துவிடும். “இந்த வரிசை முழுக்க ஹாலோ அடிக்குது மேஸ்திரி” என்றால் அவர் குனிந்து தானும் தட்டிப் பார்ப்பார். “அது ஓரத்துலதான் சார் அடிக்குது, நடுவுல புடிச்சிருக்கு. இத வேணா தூக்கிடறேன்” என்று பேரம் பேசுவார். பாதிக்குப் பாதி அவர் சொல்வதே சரியாக இருக்கும். டைல் தூக்கப்படும், மறுபடி ஒட்டப்படும். ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டு ஆகப்போவதும் இல்லை. தப்பு திருந்தினால் போதும்.

சாட்சி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். குடிவந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகி, ஒரு ஏப்ரல் மதியம் ஹாலின் நடுவில் படீரென்று சத்தம் கேட்டு, இரண்டு டைல்கள் கூடாரம்போல எழும்பி நின்றிருக்கும். வீட்டுக்காரர் கடிதம் எழுதியிருப்பார். கட்டியவர் பதில் எழுதியிருப்பார். இடையில் யாரோ நாலு டைலுக்கு அடியில் எபாக்ஸியை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். சோஃபாவை நகர்த்தி, பாலிஷ் ஏறிய தரையை நான் தட்டும்போது என் வார்த்தையால் ஒரு டைல்கூடச் சரியாகப் போவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போகும், அல்லது போகாது.

சட்டம் இந்த ஆளை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம் 45ஆவது பிரிவில் நிபுணரை அனுமதித்தது. அது பட்டம் கேட்கவில்லை. அந்தத் துறையில் தனித் தேர்ச்சி உள்ளவரா என்றுதான் கேட்டது. அதற்குத் தந்த உதாரணங்கள் விஷம், சித்தசுவாதீனம், கையெழுத்து. கட்டடம் அவற்றில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில் அதே பிரிவு 39 ஆகிவிட்டது. அறிவியல், கலை என்ற பழைய பட்டியலோடு ‘வேறு எந்தத் துறையும்’ என்பதைச் சேர்த்திருக்கிறார்கள். டைல் ஒட்டுவது அறிவியலா கலையா என்று இனி யாரும் தகராறு செய்ய முடியாது. உதாரணங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் இந்த வழக்கத்தின் வேரே கட்டுமானத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் நார்ஃபோக் கடற்கரையில் வெல்ஸ் என்றொரு சிறு துறைமுகம். அது மணல் மேவித் தூர்ந்துபோனதற்கு அருகில் கட்டிய ஒரு கரைதான் காரணமா என்ற வழக்கில், ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1782இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். நிபுணர் சாட்சியத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஃபோக்ஸ் எதிர் சாட் வழக்கில்தான் தொடங்குகிறார்கள். ஸ்மீட்டன் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கும் என்று கண்டவர். இன்றைய சிமென்டுக்கு முன்னோடி அது. ஆக, அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கும் நிபுணர் சாட்சி கலவையில் கைவைத்த ஆள். கறுப்பு கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது இது எனக்கு ஒரு சின்னத் தெம்பு.

இன்னொரு வழக்கு இதைவிட முக்கியமானது. எடின்பரோவில் சாக்கடைக் கால்வாய் தோண்ட வெடி வைத்ததில் தன் கட்டடம் சேதமாயிற்று என்று ஒருவர் மாநகராட்சிமேல் வழக்குப் போட்டார். மாநகராட்சி தரப்பு நிபுணரை மறுத்துப் பேச எதிர்த்தரப்பில் நிபுணர் இல்லை. மறுப்பே இல்லாதபோது நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்றே ஆகவேண்டும் என்பது வாதம். 1953இல் வெளியான அந்தத் தீர்ப்பில் கூப்பர் பிரபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிபுணரின் கடமை தன் முடிவை ஒப்படைப்பதல்ல, அந்த முடிவு சரிதானா என்று நீதிபதி தானே உரசிப் பார்க்கும்படியான அளவுகோல்களைக் கையில் கொடுப்பது என்றார். நம் உச்ச நீதிமன்றம் 1999இல் இமாச்சலப் பிரதேசம் எதிர் ஜெய் லால் வழக்கில் இதையே எடுத்துக்கொண்டது. அங்கே விஷயம் ஆப்பிள். தோட்டங்களைப் பார்த்து இவ்வளவுதான் காய்த்திருக்கும் என்று கணித்த தோட்டக்கலை அதிகாரியின் சாட்சியம் நிற்கவில்லை. பதவி இருந்தது, அந்தக் கணிப்பில் தனிப் படிப்போ பயிற்சியோ காட்டப்படவில்லை.

சோதிக்கிற வேலையிலிருந்து சாட்சிக் கூண்டுக்குப் போகிறவன் கடக்க வேண்டிய தூரம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே என் காதை நம்பி ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். இங்கே என்னை நம்ப வேண்டாதபடி நான் பேச வேண்டும்.

அதற்கு ஒரே வழி டைலைத் தூக்கி அதன் முதுகைக் காட்டுவது. மேலே ஆயிரம் முறை தட்டினாலும் தெரியாதது அங்கே இருக்கிறது. இரு தரப்பையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால், கட்டரால் நாலு பக்கமும் கிரவுட்டை அறுத்து, உடையாமல் ஒரு டைலை எடுப்பது பாதி நாள் வேலை. எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எது எதை விட்டுப் பிரிந்தது? ஒட்டுக் கலவை டைலோடு வந்து, அடியில் மணல் மணலாக உதிர்ந்தால், கீழே மட்டத்துக்குப் போட்ட சிமென்ட் தளமான ஸ்க்ரீட் பலமில்லை. கலவையே நடுவில் பிளந்திருந்தால் அதில் தண்ணீர் கூடியிருக்கலாம், சரக்கே சரியில்லாமலும் இருக்கலாம். கலவை முழுக்கத் தரையிலேயே இருந்து டைலின் முதுகு துடைத்த மாதிரி வந்தால் அங்கேதான் சிக்கல். அப்படி நடக்க இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆள்.

கலவையைப் பல் கரணையால் கோடு கோடாக இழுத்துவிட்டு, டைல் வைக்கத் தாமதமானால் மேலே ஆடை படிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பெங்களூரின் காற்று வறண்டிருக்கும். பதினைந்தாவது மாடியில், ஜன்னல் பொருத்தாத ஹாலில், பையில் அச்சிட்ட நேரத்துக்கு முன்பே ஆடை படியும். அதன்மேல் வைத்த டைல் ஒட்டாது, உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. இரண்டாவது காரணம் டைலிலேயே வருவது. சூளையில் உருளைகளோடு ஒட்டாமலிருக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு தூளாக அங்கேயே தங்கியிருக்கும். டைல் தயாராகும் மோர்பியிலிருந்து வரும் பெட்டியைப் பிரித்து விரலால் தடவினால் விரல் வெளுக்கும். ஈரத்துணியால் துடைக்காமல் வைத்தால் கலவை அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ளும், டைலைப் பிடிக்காது. தண்ணீரை 0.5 சதவீதத்துக்குமேல் உறிஞ்சாத விட்ரிஃபைட் டைலுக்கு, பழைய செராமிக் டைல்போலச் சிமென்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும் வழியும் கிடையாது.

இரண்டிலும் டைலின் முதுகு ஒரே மாதிரித்தான் இருக்கும். பிரித்தறியத் தரையில் தங்கிய கலவையைப் பார்க்க வேண்டும். டைலின் முதுகில் உள்ள கட்டம் கட்டமான அச்சு கலவையில் பதிந்திருந்தால், வைக்கும்போது கலவை ஈரமாகத்தான் இருந்திருக்கிறது; விட்டுப் போனதற்குத் தூளைச் சந்தேகிக்கலாம். அச்சே இல்லாமல் கரணைக் கோடுகள் மொட்டையாக, பளபளப்பாக நின்றால் ஆடை படிந்த பிறகு வைத்திருக்கிறார்கள், அல்லது சுத்தியலால் அமுக்கவே இல்லை. இதை நீதிபதிக்கு ஒரு புகைப்படத்தில் காட்டிவிடலாம். அவர் கட்டடம் கட்டியவராக இருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். கூப்பர் பிரபு கேட்ட அளவுகோல் என்பது இம்மாதிரி ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன். நான் சொல்வது தப்பென்றால் அதே புகைப்படத்தை வைத்து எதிர்த்தரப்பு என்னை மடக்கலாம். மடக்க முடிகிற மாதிரிச் சொன்னால்தான் அது சாட்சியம்.

மடக்காமலும் விடமாட்டார்கள். “எத்தனை டைல் தூக்கினீர்கள்? மொத்தம் எத்தனை?” என்பது தவறாமல் வரும் கேள்வி. தூக்காத டைலைப் பற்றி எனக்குத் தட்டிய சத்தம் மட்டும்தான் தெரியும் என்பதே நேர்மையான பதில். சத்தம் ஒரு தடயம், அவ்வளவுதான். ஸ்க்ரீட் தளர்வாக இருந்தாலும், அடியில் குழாய் ஓடினாலும் ஹாலோ அடிக்கும். ஹாலோ அடிக்கும் டைல் இருபது வருடம் அசையாமல் கிடப்பதும் உண்டு. அடுத்த கேள்வி மேற்கு ஜன்னல். மாலை ஐந்து மணி வெயில் சாய்வாக விழும்போது டைலுக்கு டைல் உள்ள ஏற்ற இறக்கம் அத்தனையும் நிழலாகத் தெரியும். வீட்டுக்காரர்கள் வீடியோ எடுப்பதும் அப்போதுதான். காலையில் அதே தரை கண்ணாடி. தரைமட்டத்துக்குப் பல இடங்களில் பிடிக்கும் அளவு, இரண்டு மீட்டர் மட்டப்பலகைக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. வெயிலின் பேச்சைக் கேட்காமல் மட்டப்பலகையின் பேச்சைக் கேட்டேன் என்று காட்ட முடியாதவர் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பலாம்.

“நீங்கள் சிவில் எஞ்சினியரா?” என்பது மூன்றாவது. சட்டம் பட்டம் கேட்கவில்லை என்றேன், வழக்கறிஞர்கள் கேட்பார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது கட்டணம். ஒரு தரப்பு எனக்குப் பணம் தருகிறது. அறிக்கையின் முதல் வரைவைப் படித்துவிட்டு, “இந்தப் பத்தி தேவையா சார்?” என்று பணிவாகக் கேட்கும். அந்தப் பத்தியில்தான் அவர்களுக்குப் பாதகமான ஒன்று இருக்கும். சோதனை வேலையில் எனக்கு இந்தச் சோதனை வந்ததில்லை. பணம் கொடுப்பவர் வீடு வாங்குபவர். குறை கூடக் கூட அவருக்கு மகிழ்ச்சி. 1993இல் இங்கிலாந்தில் இகேரியன் ரீஃபர் என்ற கப்பல் வழக்கில் நிபுணரின் கடமைகள் வரிசையாக எழுதப்பட்டன. கூப்பிட்டவருக்கு அல்ல, நீதிமன்றத்துக்கே அவர் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். இங்கே 1996இன் நடுவர் மன்றச் சட்டம் 26ஆம் பிரிவில் நடுவர் மன்றமே தனக்கு ஒரு நிபுணரை நியமித்துக்கொள்ள வழி தருகிறது. இரு தரப்பும் அவரைக் கேள்வி கேட்கலாம். ரேஸ் கோர்ஸ் சாலையில் கனிஜ பவனில் நடுவர் மையம் இருக்கும் இந்த ஊரில், தரை மாதிரிச் சின்ன விஷயங்களுக்காவது இந்தப் பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நிபுணர்கள் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே டைலின் முதுகைப் பற்றி இரண்டு கதை சொல்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 விதிகளில் இரு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கும் முறையைச் சேர்த்தது. ஒரே மேசையில், ஒரே டைலுக்கு முன்னால், முழுப் பொய் சொல்வது கடினம். சிவில் நீதிமன்றங்களில் உள்ளூர் ஆய்வுக்கு ஒரு கமிஷனரை அனுப்புகிறார்கள். அவர் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர். ‘விரிசல்கள் காணப்பட்டன’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்.

காரணத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் குருகிராம் ஓர் எச்சரிக்கை. 2022 பிப்ரவரி 10 அன்று சின்டெல்ஸ் பாரடைஸோ என்ற அடுக்ககத்தில் ஆறாவது மாடி வீட்டின் தளம் இடிந்து, கீழ்த்தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆறாவது மாடி வீட்டில் அப்போது தரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டிய நிறுவனத்தின் முதல் விளக்கம் அந்த வேலையைத்தான் கைகாட்டியது. டைல் உடைத்த கூலிக்காரர்மேல் பழி விழ அதிக நேரம் ஆகியிருக்காது. பிறகு ஐஐடி டெல்லி ஆய்வு செய்து, கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததையும் அதனால் கம்பி அரித்துப்போனதையும் கண்டது. அந்தக் கோபுரத்தை இனிச் சரிசெய்து பயன்படுத்த முடியாது என்ற நிலை வந்தது. கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்திராவிட்டால், கடைசியாகச் சுத்தியல் பிடித்தவரே காரணமாகி நின்றிருப்பார்.

பெங்களூர் வழக்குகளில் சுத்தியல் பிடித்தவரைக் காண்பதே அரிது. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு தெளிவானது. வீடு கைக்கு வந்த ஐந்து வருடங்களுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், கட்டியவர் முப்பது நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் வீடு கட்டித் தருவதும் சேவையே என்று சொன்ன நாளிலிருந்து நுகர்வோர் மன்றமும் திறந்திருக்கிறது. வீட்டுக்காரர், கட்டியவர், டைல் கம்பெனி, ஒட்டுக் கலவைக் கம்பெனி எல்லோருக்கும் அங்கே நாற்காலி உண்டு. டைல் பொருள், ஒட்டியது சேவை என்று அவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். தரை போட்டவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் அவர் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர். பசவனகுடி, மல்லேஸ்வரம் வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரைகளைத் தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றிய கைகளில் அவர்களுடையதும் உண்டு. சாதரஹள்ளிக் கல்லைப் பாவியவர்களிலும் உண்டு. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறார்கள். மார்பிள் என்றால் ராஜஸ்தான். சதுர அடிக் கணக்கில் கூலி. ஸ்பேசர் வைத்து, ஹாலின் ஓரத்தில் விரிவுக்கு இடம் விட்டு, முதுகைத் துடைத்து வைத்தால் ஒரு நாளில் ஓடும் சதுர அடி குறையும், கூலியும் குறையும். ஸ்க்ரீட் போட்ட தேதியையும் டைல் வைத்த தேதியையும் சைட் பதிவேட்டில் ஒப்பிட்டால் இடையில் சில நாட்கள்தான் இருக்கும். காலாண்டு முடிவதற்குள் சாவி கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மேஸ்திரி அல்ல. ஈரம் காயாத ஸ்க்ரீட் பிறகு சுருங்கும், மேலே உள்ள டைல் சுருங்காது, நெருக்கி வைத்ததால் போக இடமும் இல்லை. எழும்பிவிடும். ‘வேலைத்தரக் குறை’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடிப்பது எனக்கு எளிது. தேதிகளையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரி யார் தலையில் விழ வேண்டுமோ அங்கே விழும். அதனால் இப்போது பதிவேடு கேட்காமல் நான் அறிக்கை எழுதுவதில்லை. தராவிட்டால், கேட்டேன், தரவில்லை என்று எழுதுகிறேன்.

தனித் தேர்ச்சி உள்ளவர் என்ற அளவுகோலை அப்படியே பிடித்தால், என்னைவிட அந்தக் கூண்டுக்குத் தகுதியானவர் முப்பது வருடம் கரணை பிடித்த மேஸ்திரிதான். எந்தக் கலவை எப்போது ஆடை கட்டும் என்பதை நான் தரநிர்ணயப் புத்தகத்திலிருந்தும் அவரிடமிருந்தும் கற்றேன், அவரிடமிருந்து அதிகம். நிபுணராக வேண்டாம், நடந்ததைச் சொல்லும் சாட்சியாகவாவது அவரைக் கூப்பிடலாம். அன்றைக்குக் கலவையில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், பெட்டி எந்த நிலையில் வந்தது, அவசரப்படுத்தியது யார் என்பதெல்லாம் அவருக்கு நேரில் தெரியும், எனக்கு ஊகம். கூப்பிடுவதில்லை, ஏனென்றால் வழக்கு வரும்போது அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. லேபர் கான்ட்ராக்டர் மாறியிருப்பார், போன் எண் மாறியிருக்கும்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். மீந்த டைலில் இரண்டு பெட்டி கேட்டு வாங்கி, தொகுதி எண் அச்சிட்ட அட்டையோடு பரண்மேல் போட்டுவையுங்கள். குறை தெரிந்தால் ஐந்து வருடம் முடிவதற்குள் தேதி போட்டுக் கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப் போதாது. எழும்பிய டைலை மறுதரப்பு வந்து பார்க்கும் முன் உடைத்து அள்ளிவிடாதீர்கள். சாவி வாங்கும் அன்று, உங்கள் வீட்டுத் தரையைப் போட்ட மேஸ்திரி யார் என்று கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் போன் எண்ணையும் விற்பனைப் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் எழுதி வையுங்கள்.